ஹீட்சிங்க் வெதுவெதுப்பு, ஐசி கொதிப்பு: ஒரு வீட்டு பவர் சப்ளை போர்டின் நிகழ்வு ஆய்வு

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கும் என் தங்கை மகன் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். உள்ளே ரிலேக்களை, அதாவது காயிலில் கரண்ட் பாய்ந்தால் பிடித்துக்கொள்ளும் ஸ்விட்சுகளை, ஓட்ட அவனே செய்த பவர் சப்ளை. "மாமா, ரிலே எல்லாம் டக் டக்குன்னு அடிச்சுக்குது, அப்புறம் மொத்தமா நின்னுடுது. அஞ்சு நிமிஷம் விட்டா தானா ஓடுது. ஐசி டூப்ளிகேட்டா இருக்குமோ?"

எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கிய ஐசி என்றாலே டூப்ளிகேட் என்று சந்தேகப்படுவது சென்னைப் பையன்களுக்குப் பழக்கம். சில நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் ஆற விட்டால் தானாகப் பிழைத்துக்கொள்ளும் ஐசி, தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் ஐசி. 7805 மாதிரி, வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் ரெகுலேட்டர் ஐசிகளுக்குள் வெப்பக் காவல் சர்க்யூட் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு ஏறத்தாழ 150 டிகிரியைத் தாண்டினால் அது அவுட்புட்டைக் கீழே இழுத்துவிடும், ஆறியதும் மறுபடி விடும். ரிலே அடித்துக்கொண்டது அதனால்தான். போலி ஐசி இந்தச் சூட்டில் பெரும்பாலும் ஒரேயடியாகப் போயிருக்கும்.

முதலில் போர்டைப் பற்றி. ஒற்றைப் பக்கத் தாமிரம் ஒட்டிய பழுப்பு நிற பினாலிக் அட்டை. வழவழ பத்திரிகைத் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, ஃபெரிக் குளோரைடில் அரித்தது. டிராக்குகள் சுத்தமாகவே வந்திருந்தன. 15 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அங்கிருந்து இரண்டு கிளை: ஒன்று 7805 வழியாக நிலையான 5 வோல்ட், இன்னொன்று எல்எம்317 வழியாகக் கூட்டிக் குறைக்கும் வோல்டேஜ்.

மார்கழியில் இதைச் செய்தபோது இரண்டு ரிலேவும் அவற்றை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டும் மட்டும்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு குறையும் இல்லை. சித்திரையில் புராஜெக்ட் வளர்ந்து எட்டு ரிலே ஆனது. அந்த நீல நிற 5 வோல்ட் ரிலே ஒவ்வொன்றின் காயிலும் சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். எட்டும் ஒன்றாகப் பிடித்தால், ஆர்டுயினோவையும் சேர்த்து, 0.6 ஆம்பியர். லோடு இருக்கும்போது கெபாசிட்டரில் அளந்தேன்: 17.5 வோல்ட். அப்படியானால் 7805 கீழே தள்ள வேண்டியது 12.5 வோல்ட். 12.5 பெருக்கல் 0.6, ஏழரை வாட். ரிலேக்களுக்குப் போவது 3 வாட், அதைக் கொடுப்பதற்காக ஐசி சூடாக்கித் தள்ளுவது ஏழரை வாட். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இதற்குத்தான் சொன்னது போலிருக்கிறது.

இந்தக் கணக்கை அவன் போட்டிருக்கவில்லை. போர்டு போடும்போது கரண்ட் கணக்கு எல்லாரும் போடுகிறோம். வாட் கணக்கு ஐசி சுட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

வாட் தெரிந்துவிட்டால் மீதி ஓம் விதி மாதிரிதான். வெப்பத்தைக் கரண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், டிகிரியை வோல்டேஜ் என்று. நடுவில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு தடை. சில்லிலிருந்து ஐசியின் உலோக முதுகு வரை, அதாவது டேப் வரை, 7805க்கு டேட்டாஷீட் சொல்வது வாட்டுக்கு 5 டிகிரி. இது ஐசிக்குள் இருப்பது, நம்மால் மாற்ற முடியாது. டேப்பிலிருந்து ஹீட்சிங்க் வரை, அதாவது ஐசியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு வரை, ஒரு தடை. ஹீட்சிங்கிலிருந்து காற்றுக்கு இன்னொன்று. மூன்றும் தொடராக இருக்கின்றன, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஹீட்சிங்கே இல்லாமல் நின்றால் சில்லிலிருந்து காற்று வரை மொத்தம் 50 முதல் 65 டிகிரி, ஒரு வாட்டுக்கு. ஆகவே ஹீட்சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அவன் முதலில் போட்டது பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் கிடைக்கும் கறுப்பு யூ வடிவத் துண்டு. அந்த அளவுக்கு வாட்டுக்கு 20 டிகிரி போல வரும். 20, 5, நடுவில் ஒன்று, ஆக 26. ஏழரை வாட்டால் பெருக்கினால் 195 டிகிரி ஏற்றம். அதற்கு மேல் சென்னை மே மாத அறையின் 38 டிகிரி. கணக்கே சிரிக்கிறது. மார்கழியில் இரண்டு ரிலேவுக்கு 0.19 ஆம்பியர், இரண்டரை வாட் சொச்சம்தான். அதனால் தப்பித்தது.

இதுவரை எளிது. யாரும் "பெரிய ஹீட்சிங்க் போடு" என்பார்கள். அவனுடைய சீனியரும் அதையேதான் சொல்லியிருக்கிறான். இவனும் போட்டிருக்கிறான். கதை ஆரம்பிப்பதே அங்கேதான்.

பழைய இரும்புக் கடையிலிருந்து விசிறி விசிறியாகப் பிளேடு வைத்த ஒரு அலுமினியத் துண்டு, சுமார் 100க்கு 75 மில்லிமீட்டர், பிளேடு உயரம் 25. இதற்கு வாட்டுக்கு 3 டிகிரி சொல்லலாம். நல்ல சாமான். இரண்டு ஐசியையும் அதன் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருகியிருக்கிறான். போட்டதும் எல்எம்317 பக்கம் வோல்டேஜ் பூஜ்யம். ஐசி போய்விட்டது என்று கழற்றி வேறு போட்டான். மறுபடி பூஜ்யம். மூன்றாவதும் வாங்கினான்.

காரணம் டேப். 7805இன் டேப் கிரவுண்ட். எல்எம்317இன் டேப் அவுட்புட். இரண்டையும் ஒரே அலுமினியத்தில் திருகினால் எல்எம்317இன் அவுட்புட்டை நேராகக் கிரவுண்டில் கட்டியதாகிறது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், மூன்று கால், ஒரே உடம்பு, ஆனால் முதுகு வேறு வேறு. இன்னொரு ஜோடியும் இப்படி ஏமாற்றும்: 7812இன் டேப் கிரவுண்ட், நெகட்டிவ் பக்கத்து 7912இன் டேப் இன்புட். பிளஸ் மைனஸ் சப்ளை செய்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு முறையாவது இதில் விழுந்திருப்பார்கள். நானும் விழுந்தேன், பிரிட்ஜ் புகைந்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவன் அதிர்ஷ்டம், எல்எம்317க்கு ஷார்ட் ஆனாலும் தாங்கும் பாதுகாப்பு உண்டு. கழற்றிப் போட்ட இரண்டையும் பிரெட்போர்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் உயிரோடுதான் இருந்தன.

சீனியர் மறுபடி ஆலோசனை சொன்னான்: நடுவில் மைக்கா வை, அதாவது மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு. வைத்தான். மறுபடி பூஜ்யம். ஏனென்றால் மைக்கா டேப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இருக்கிறது, திருகு இரண்டையும் தொட்டுக்கொண்டு போகிறது. மூன்றாம் முறைதான் பிளாஸ்டிக் புஷ் வந்தது, திருகு டேப்பைத் தொடாமல் இருக்க அதன் மேல் மாட்டும் சின்னக் குழாய். இந்த முறை இரண்டு பக்கமும் வோல்டேஜ் வந்தது. ரிலே எட்டும் ஓடின. இருபது நிமிடம் கழித்துப் பழையபடி டக் டக்.

இந்த நிலையில்தான் என்னிடம் வந்திருந்தான். "ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பாருங்க மாமா, சூடே இல்ல. இதுக்கும் மேல பெருசா எங்க போறது?"

தொட்டேன். கையை வைத்துக்கொண்டு சில நொடி இருக்க முடிந்தது. எனக்கு விடை கிடைத்த இடம் அதுதான். ஐசிக்குள் ஏழரை வாட் உருவாகி, அது வெப்பக் காவல் வரை போகிறது, ஆனால் அலுமினியம் அதற்கேற்ற சூட்டில் இல்லை என்றால் நடுவில் எங்கேயோ வழி அடைத்திருக்கிறது. ஹீட்சிங்க் சூடாவது நல்ல செய்தி. அது வேலை செய்கிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பாக இருந்து ஐசி நின்றுபோனால்தான் கவலைப்பட வேண்டும்.

மல்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் வயரை எடுத்து, மூடியைத் திறந்துவைத்து, அரை மணி நேரம் ஓட விட்டு அளந்தோம். இவ்வளவு அலுமினியம் சூடாகி ஒரு நிலைக்கு வரக் குறைந்தது அவ்வளவு நேரம் ஆகும், அவசரப்பட்டு ஐந்தாவது நிமிடத்தில் அளந்தால் பொய் சொல்லும். (துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானியும் வைத்திருந்தான். பளபளக்கும் உலோகத்தில் அது தாறுமாறாகக் குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதைப் பார்த்து அளந்தால் ஓரளவு நம்பலாம்.) அறை 38. ஹீட்சிங்க் 60. ஐசியின் டேப் 112.

52 டிகிரி வித்தியாசம், ஏழரை வாட்டுக்கு. வாட்டுக்கு 7 டிகிரி. மைக்காவும், ஒழுங்காகத் தடவிய கம்பவுண்டும் (வெப்பம் கடத்த வைக்கும் வெள்ளைப் பசை) சேர்ந்து ஒன்று, ஒன்றரை இருக்க வேண்டிய இடம் அது. டேப் 112 என்றால் சில்லு 112 கூட்டல் 37, கிட்டத்தட்ட 150. மூடியை மூடினால் உள்ளே காற்று இன்னும் எட்டு டிகிரி ஏறுகிறது. திறந்திருந்தால் ஓடுவதும் மூடினால் நிற்பதும் இப்போது புரிந்தது. அந்த எட்டு டிகிரிதான் அவனை மூன்று வாரம் அலைக்கழித்திருக்கிறது.

கழற்றிப் பார்த்தோம்

ஒன்றல்ல, மூன்று தப்பு இருந்தது.

ஓட்டை போட்ட இடத்தில் பிசிறு. டிரில் பிட் வெளியே வரும் பக்கம் அலுமினியம் கிண்ண விளிம்பு மாதிரி சுருண்டு மேலே நிற்கும். விரலால் தடவினால் கீறும். அதன் மேல் மைக்கா உட்கார்ந்து, மைக்காவின் மேல் ஐசி உட்கார்ந்தால், ஐசி உண்மையில் ஒரு வளையத்தின் மேல்தான் நிற்கிறது. மீதி இடமெல்லாம் காற்று. காற்று என்பது வெப்பத்துக்குச் சுவர். அலுமினியம் கடத்துவதோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கில் ஒரு பங்குகூடத் தேறாது. மைக்காவிலும் அந்த வட்டத்தில் ஒரு கீறல் இருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஷார்ட்டும் ஆகியிருக்கும்.

அடுத்தது, கம்பவுண்ட் இல்லை. மைக்காதான் இருக்கிறதே என்று விட்டிருக்கிறான். மைக்கா மின்சாரத்தைத் தடுக்க வந்தது. வெப்பத்தைக் கடத்த அதன் இரண்டு பக்கமும் வெள்ளைக் கம்பவுண்ட் வேண்டும். அதுவும் தடவும் அளவு, பூசும் அளவு இல்லை. தோசைக் கல்லுக்கு வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்போமே, அந்த அளவு. அந்த வெள்ளைப் பொருளும் உலோகம் அளவுக்குக் கடத்தாது. இரண்டு பரப்புக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய பள்ளங்களில் காற்றை விரட்டிவிட்டு உட்காருவதுதான் அதன் வேலை. டூத்பேஸ்ட் வைத்து ஓட்டினேன் என்று பெருமைப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஓடும், ஈரம் காயும் வரை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த தப்பு, ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. புஷ்ஷின் குழாய்ப் பகுதி நீளம் அதிகம். இந்த வகை ஐசியின் டேப் 1.3 மில்லிமீட்டர் தடிமன். புஷ்ஷின் குழாய் அதைவிட நீளமாக இருந்தது. அலுமினியத்தில் போட்ட ஓட்டையோ திருகு மட்டும் நுழையும் அளவு. ஆகவே புஷ்ஷின் அடிமுனை அலுமினியத்தில் முட்டி நின்றுவிட்டது. திருகை எவ்வளவு முறுக்கினாலும் அது அழுத்துவது புஷ்ஷை, டேப்பை இல்லை. ஐசியைப் பிடித்து ஆட்டினால் லேசாக அசைந்தது. "நல்லா டைட்டா இருந்துச்சே மாமா" என்றான். திருகு டைட்டாகத்தான் இருந்தது.

இதில் ஒரு உபகதை. அசைகிறதே என்று இன்னும் முறுக்கினால் வேறு தொல்லை வரும். டேப்பின் ஓட்டை ஒரு முனையில், சில்லு இருப்பது மறு முனையில், கறுப்புப் பிளாஸ்டிக்குக்குக் கீழே. ஒரு முனையைப் பலமாக அழுத்தினால் டேப் வளைந்து மறு முனை தூக்கிக்கொள்ளும், அதாவது சூடு பிறக்கும் இடமே அலுமினியத்தை விட்டு விலகும். கம்பெனிப் பொருட்களைத் திறந்தால் பல இடங்களில் திருகு இல்லாமல் ஸ்பிரிங் கிளிப் ஒன்று ஐசியின் வயிற்றிலேயே அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதற்கு இதுதான் காரணம். விரல் நுனிப் பிடியில் திருகி, கடைசியில் கால் சுற்று. போதும்.

மாற்றிப் பூட்டியது

ஓட்டை விளிம்பை ஒரு பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றியே சுரண்டி எடுத்தோம். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, அலுமினியத்தின் அந்தப் பரப்பை அதில் வைத்துத் தேய்த்தான். கையில் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தால் நடு குழியும், ஓரம் மழுங்கும்.

அப்புறம் யோசித்தோம். 7805க்கு மைக்கா எதற்கு? அதன் டேப் கிரவுண்ட். அலுமினியம் கிரவுண்ட் ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. எல்எம்317 ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துவைத்தால் போதும். அதிகம் சூடாகும் ஐசிக்கு மைக்காவையே எடுத்துவிட்டு, கம்பவுண்ட் மட்டும் தடவி நேராகத் திருகினோம். எல்எம்317க்குப் புது மைக்கா, இரண்டு பக்கமும் கம்பவுண்ட், புஷ்ஷை பிளேடால் ஒரு மில்லிமீட்டருக்கு வெட்டியது. கறுப்பு அனோடைஸ் பூச்சே இன்சுலேஷன்தானே என்று கேட்டான். பூச்சு உரியாத வரை சரிதான், ஆனால் திருகு மரை ஒரு கீறு கீறினால் முடிந்தது. நான் நம்புவதில்லை.

சப்ளை கொடுக்கும் முன் மீட்டரை பீப் வரும் இடத்தில் வைத்து, எல்எம்317இன் டேப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பார்த்தோம். சத்தமில்லை. அந்த ஒரு நிமிடச் சோதனையை முன்பே செய்திருந்தால் அவன் ஐசிக்குக் கொடுத்த காசு மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. ஹீட்சிங்க் இப்போது சப்ளையின் மைனஸோடு சேர்ந்துவிட்டது. இதை எர்த் கொடுத்த இரும்புப் பெட்டியில் நேராகத் திருகினால் மைனஸும் எர்த்தும் ஒன்றாகிவிடும். பெஞ்ச் சப்ளைக்கு அது வேண்டாத சங்கடம். அதனால் ஹீட்சிங்க்கைப் பெட்டியில் தொடாமல் போர்டின் மேலேயே நிற்க வைத்தோம்.

அதே லோடு, அதே அரை மணி. அறை 38, ஹீட்சிங்க் 61, டேப் 66. 52 டிகிரி வித்தியாசம் 5 ஆகிவிட்டது. சில்லு 103 என்று கணக்கு வருகிறது. டேட்டாஷீட் அனுமதிக்கும் 125க்குள். பையன் முகத்தில் வெளிச்சம். ஹீட்சிங்க் ஒரு சென்டிமீட்டர்கூடப் பெரிதாகவில்லை.

ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. மூடி மூடினால் 111. மே மாதம், உள்ளே தூசி படிந்தால் இன்னும் கொஞ்சம். அதனால் 7805க்கு முன்னால் ஒரு 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டோம். 0.6 ஆம்பியரில் அது 6 வோல்ட்டைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது, 3.6 வாட். ஐசிக்கு மீதி 3.9 வாட். 7805க்கு இன்புட்டில் 7 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், 11க்கு மேல் வருகிறது, கவலையில்லை. ரெசிஸ்டர் போட்டால் ஐசியின் இன்புட் காலை ஒட்டி 0.33 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐசியின் அவுட்புட் நிலையாக நிற்காமல் அலைவுறத் தொடங்கலாம். மறுபடி அளந்தபோது மூடி மூடிய நிலையில் டேப் 60. பெட்டிக்குள் மொத்தச் சூடு குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஐசியிலிருந்து ரெசிஸ்டருக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ரெசிஸ்டர் தொட முடியாத சூடு. அது அதற்கென்றே பிறந்தது. பினாலிக் அட்டை கருகாமல் இருக்க அட்டையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் தூக்கி நிறுத்தினோம். உண்மையாகவே குறைக்க வேண்டுமென்றால் 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது எல்எம்2596 போன்ற ஸ்விட்சிங் மாட்யூல். புராஜெக்ட் தேதிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து

மறுபடி போன். இந்த முறை சூடு இல்லை. பெட்டியைத் தட்டினால் 5 வோல்ட் வருகிறது, போகிறது. தாம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறான்.

போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. 7805இன் நடுக் காலைச் சுற்றி முடி அளவில் ஒரு வளைய விரிசல். சால்டர் அப்படியே இருக்கிறது, காலுக்கும் அதற்கும் உறவு இல்லை. பக்கத்துக் காலின் பேட், அதாவது சால்டர் பிடிக்கும் தாமிர வட்டம், அட்டையை விட்டே கிளம்பியிருந்தது. இதில் என் பங்கும் உண்டு. ஹீட்சிங்க்கைப் போர்டில் நிற்க வைத்தோம் என்றேனே, ஒரே ஒரு எல் கிளாம்பில். கால் கிலோ அலுமினியம் பஸ் குலுக்கலில் ஆடும்போது அதைத் தாங்கியது ஆறு ஐசிக் கால்கள். கடையில் செய்த போர்டில் ஓட்டைக்குள்ளும் தாமிரம் பூசியிருப்பார்கள், கொஞ்சம் தாங்கும். வீட்டில் அரித்த ஒற்றைப் பக்க அட்டையில் காலைப் பிடித்திருப்பது அடியில் இருக்கும் 35 மைக்ரான் தாமிரமும் அதை அட்டையில் ஒட்டிய பசையும் மட்டுமே. பினாலிக் அட்டை சூட்டில் இருந்தால் அந்தப் பசையும் சீக்கிரம் விடும்.

இன்னொன்றும் செய்திருந்தோம். சால்டர் முதலில், திருகு பிறகு. கால்கள் போர்டில் இறுகிய பின் ஐசியைத் திருகி அலுமினியத்தோடு இழுத்தால், அரை மில்லிமீட்டர் விலகல் இருந்தாலும் அந்த இழுவிசை முழுவதும் சால்டரிலேயே தங்கிவிடும். சூடாகிச் சூடாகி ஆறும்போதெல்லாம் அது அங்கே வேலை செய்துகொண்டே இருக்கும்.

இரண்டாம் முறை வரிசையை மாற்றினோம். ஹீட்சிங்க் அடியில் இரண்டு ஓட்டை, 2.5 மில்லிமீட்டர் டிரில், 3 மில்லிமீட்டர் மரை. போர்டின் அடியிலிருந்து இரண்டு திருகால் அலுமினியத்தையே போர்டில் பூட்டினோம். ஐசிக் கால்களில் சின்ன வளைவு கொடுத்து, ஓட்டையில் சும்மா நுழைத்து, ஐசியை அலுமினியத்தில் திருகி, எல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு கடைசியாக சால்டர். கிளம்பிய பேடுக்குப் பதிலாக ஒரு துண்டுத் தாமிரக் கம்பியை டிராக் நெடுக வைத்துப் பற்றவைத்தோம். அழகில்லை. பிடித்துக்கொண்டது.

கெபாசிட்டர் இன்னும் ஹீட்சிங்க்கை ஒட்டியே நிற்கிறது, அரிக்கும் முன்பே முடிவான இடம். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். 85 டிகிரி போட்டிருந்ததை எடுத்துவிட்டு 105 டிகிரி என்று அச்சிட்டதைப் போட்டோம், நடுவில் ஒரு தகரத் துண்டை மறைப்பாக நிறுத்தினோம். பிளேடுகள் செங்குத்தாக நிற்பதால் பெட்டியின் அடியிலும் மேலும் ஓட்டை போட்டான். முன்பு பக்கவாட்டில் மட்டும் போட்டிருந்தான், சூடான காற்று மேலே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

எல்எம்317 பக்கம் தீராத ஒரு குறை இருக்கிறது. 18 வோல்ட் உள்ளே, 3 வோல்ட் வெளியே, ஒரு ஆம்பியர் என்றால் 15 வாட். அதற்கும் சில்லிலிருந்து டேப்புக்கு வாட்டுக்கு 5 டிகிரி என்று வைத்தால், டேப்புக்கு மேலேயே 75 டிகிரி ஏறிவிடும். டேப் 50ஐத் தொட்டதும் சில்லு 125. இந்த அலுமினியத்தில் 15 வாட் என்றால் டேப் 50இல் எங்கே நிற்கப் போகிறது? அலுமினியம் எவ்வளவு பெரிதானாலும் ஐசிக்குள் இருக்கும் அந்த 5 டிகிரியைத் தொட முடியாது. பெட்டியின் முகப்பில், கூட்டிக் குறைக்கும் குமிழுக்குக் கீழே, வெள்ளை ஸ்டிக்கரில் மார்க்கரால் அவனே எழுதி ஒட்டியிருக்கிறான்: "5 வோல்ட்டுக்குக் கீழே அரை ஆம்பியர்தான். மாமா சொன்னது."